யாழ்ப்பாணத்தவர் யார்?

நாம் சிறுவராயிருந்த காலத்தில் எமதூரில் 'மலாயாப் பென்சனியர்' சிலர் இருந்தனர். மலாயாவின் புகையிரத நிலையங்களிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் சேவை செய்து ஓய்வுபெற்று, ஊரிலே கல்வீடு கட்டி வாழ்ந்தவர்கள். வாசிகசாலைத் திண்ணையில் அவர்கள் சொல்லும் கோலாலம்பூர்க் கதைகளை வாய்பிளந்து கேட்டிருப்போம். 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி முதலாகப் பரவிய ஆங்கிலக் கல்வியே அவர்களுக்குக் கடல்வழியைத் திறந்தது.

அவ்வழி எல்லோர்க்கும் திறந்ததா? சீவல் தொழிலாளியின் பிள்ளைக்கு அக்காலத்துப் பள்ளிகள் பலவற்றில் வாங்கில் இருக்கவே உரிமையில்லை. அவன் எங்ஙனம் மலாயாவுக்குக் கப்பலேறுவான்?

1983 ஜூலைக்குப் பின் பெயர்ந்தோர் உயிர்காக்க ஓடியவர்கள். ஆயினும் அங்கும் பொருள்நிலை தன் வேலையைக் காட்டியது. காணியை ஈடுவைக்க இயன்றோரிற் பலர் கனடாவையும் சுவிற்சர்லாந்தையும் அடைந்தனர். இயலாதோரிற் பலர் வள்ளமேறி இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமில் ஒதுங்கினர்.

இவ்விடத்தில் லக்சம்பேர்க் என்னும் சிறு நாடு நினைவுக்கு வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வறுமை தாளாது அதன் உழவர்கள் பல்லாயிரவர் அமெரிக்காவுக்குப் பெயர்ந்தனர். பின்னர் அது செல்வ நாடாயிற்று. 2008இல் ஒரு சட்டம் இயற்றியது: 1900 ஜனவரி 1 அன்று தன் குடியாயிருந்த ஒருவரின் நேர்வழித் தோன்றல்கள் குடியுரிமையை மீளப்பெறலாம். 2018 இறுதிவரை விண்ணப்பிக்கத் தவணை கொடுத்தது. பாட்டன் மொழியறியாப் பேரர்களும் விண்ணப்பித்தனர். யார் நம்மவர் என்பதை இரத்தம் தானாகத் தீர்ப்பதில்லை. ஒரு சமூகமே தீர்மானிக்கிறது.

நாம் எவ்வாறு தீர்மானித்தோம்? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினர். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வெறுங்கையராய்ப் போயினர். பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக்குடிசைகளில் ஒதுங்கினர். யாழ்நகரில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். சோனகத் தெரு வெறிச்சோடிக் கிடந்ததை நாம் கண்ணாரக் கண்டோம், வாய் திறந்தோமில்லை.

ரொறன்ரோவிலே பிறந்து தமிழ் பேசவறியாத பேரப்பிள்ளையை நம்மவர் என்று கொண்டாடுகிறோம், அதிற் தவறில்லை. புத்தளத்திலே பிறந்து, தாயிடம் கேட்ட யாழ்ப்பாணத் தமிழையே பேசும் பிள்ளையை எப்பட்டியலிற் சேர்ப்போம்? உலகத்தாரிடம் நீதி கேட்கும் நாம், முதலில் இக்கேள்விக்கு விடை கூறக் கடமைப்பட்டவர்கள்.