தகுதியும் அதிகாரமும்

நற்குணம் என்பது முழக்கோல்கொண்டு அளந்து காணத்தக்க பொருளன்று. ஆயினும் அதனை அளந்து, உண்டு அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் தீர்ப்புரைக்கவேண்டிய கடமை சிலருக்கு நேர்கின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய நெவாடாவில் சூதாட்ட விடுதிகளுக்கு லைசென்சு வழங்கும் முறையைப்பற்றி யான் படித்தபொழுது இவ்வெண்ணமே மேலோங்கி நின்றது.

நெவாடா 1931-ஆம் ஆண்டில் சூதாட்டத்தைச் சட்டத்தால் அனுமதித்தது. நாளடைவில் கொள்ளைக்கூட்டத்தார் அத்தொழிலுட் புகுந்தமையால், 1955-இல் விசாரணைச் சபையொன்றும், 1959-இல் கமிஷனொன்றும் ஏற்படுத்தப்பட்டன. மூவரடங்கிய சபை ஆராய்ந்து கருத்துரைக்கும். ஐவரடங்கிய கமிஷன் தீர்மானிக்கும். சபை மறுக்குமாறு கூறின், கமிஷனார் ஒருமனப்பட்டாலன்றி லைசென்சு கிடையாது. குற்ற வழக்குகளிற் குற்றஞ்சாட்டுவோரே அதனை மெய்ப்பிக்கவேண்டும். ஈண்டோ, தாம் நேர்மையாளர் என்பதை மனுதாரரே நிலைநாட்டவேண்டும். அவருடைய ஒழுக்கம், முதற்பணம் வந்த வழி, தொழிலறிவு, கூட்டுறவு ஆகிய யாவும் துருவி ஆராயப்படும். அவ்விசாரணைச் செலவும் அவரையே சாரும்.

கூட்டுறவு என்பது எத்துணை வலியதென்பதற்குப் புகழ்பெற்ற பாடகர் பிராங்கு சினாட்ராவே சான்று. விடுதிகளுட் புகவிடாது விலக்கப்பட்டோர் பட்டியலிற் கண்ட சாம் ஜியான்கானா என்பான் 1963-இல் சினாட்ராவின் விடுதியில் தங்கினான். அதுபற்றிச் சபையார் குற்றஞ்சாட்டவே, சினாட்ரா தம் லைசென்சைத் துறந்தார். 1981-இல் அவருக்கு அது மீண்டும் அளிக்கப்பட்டது. பிராங்கு ரோசெந்தால் என்பாருக்கோ 1976-இல் லைசென்சு மறுக்கப்பட்டது. கீழ்க்கோர்ட்டு அவர்பால் தீர்ப்பளித்தும், 1977-இல் நெவாடா சுப்ரீம் கோர்ட்டு, இஃது உரிமையன்று, அரசு அளிக்கும் சலுகையே எனக் கூறி அத்தீர்ப்பை மாற்றிவிட்டது.

இத்துணை அதிகாரம் ஏன் என வினவலாம். சூதாட்ட விடுதியிற் புரள்வது ரொக்கப்பணம். கணக்கில் ஏறுமுன்னரே அதிலொரு பங்கைக் கவர்ந்து, வரியை ஏய்த்து, மறைந்திருக்கும் முதலாளிக்கு அனுப்புதல் எளிது. பின்னர் அதனைச் சாட்சிகொண்டு மெய்ப்பித்தலோ அரிது. ஆகவே உள்ளே புகுந்த திருடனைத் தேடுவதினும் வாயிலிலே தடுப்பதே தக்கதென அந்நாட்டார் துணிந்தனர். இக்காரணத்தை யான் ஏற்றுக்கொள்கின்றேன்.

எனினும் என் மனம் முற்றும் அமைதியுறவில்லை. மாணவர்க்கு ஆண்டுதோறும் நன்னடத்தைச் சான்றிதழ் எழுதும் பணி எனக்குண்டு. 'நன்று' என எழுதவேண்டிய இடத்தில் 'திருப்திகரம்' என்றெழுதின், ஏழை மாணவன் ஒருவனுக்கு ஒரு வேலையின் கதவே அடைபடலாம். அவன் அதன் காரணத்தை அறியவும் மாட்டான். எழுதுகோல் ஏந்திய கையின் விருப்பு வெறுப்புகள் 'தகுதி' என்னும் சொல்லின் நிழலில் எளிதில் ஒளிந்துகொள்ளும் என்பதை அப்பணியே எனக்கு அறிவுறுத்தியது.

ஆதலின், உசிதம்போல் முடிவுசெய்யும் அதிகாரம் வேண்டுவதாயின், அதனோடு மூன்று கடமைகளும் இணைந்திருத்தல் வேண்டும்: மறுக்கப்படுவோர் கூறுவதைக் கேட்டல், மறுத்தற்குக் காரணத்தை வெளிப்பட உரைத்தல், திருந்தி வருவோர்க்கு மீண்டும் வாயில் திறத்தல். இம்மூன்றும் உள்ளவிடத்து அதிகாரம் காவலாகும். இல்லாதவிடத்து, அதுவும் ஒருவகைச் சூதாட்டமேயாகும்.