மூச்சு விட்ட குட்டை

சேலத்திலிருந்து ஆத்தூர் வரும் பஸ்ஸில் அசந்து தூங்கினாலும் ஊர் தப்பாது. வாழப்பாடி தாண்டிப் பெத்தநாயக்கன்பாளையம் நெருங்கும்போது மூக்கே எழுப்பிவிடும். புளித்த கஞ்சியும் அழுகிய கிழங்கும் கலந்த வாடை. வெளியூர்க்காரர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். எனக்கு அது வீட்டுத் திண்ணை கண்ணில் பட்ட மாதிரி.

போன தை மாதம் அக்கா மகன் வந்திருந்தான். எலக்ட்ரீசியன் டிரேடில் ஐடிஐ முடித்தவன். "மாமா, பசுமை வேலைன்னு ஒரு சார் வந்து ரெண்டு மணி நேரம் பேசினாருங்க. கார்பனைக் குறைக்கிற தொழிலுக்குத்தான் இனி காலமாம். அதெல்லாம் எந்த ஊருக்குப் போனா கெடைக்கும்?" என்றான். அவனுக்குப் பதில் சொல்ல வாயெடுத்தேன். மனசு நேரே குட்டைக்குப் போய்விட்டது.

எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த சேகோ மில்லின், அதாவது ஜவ்வரிசி ஆலையின், கழிவுத் தண்ணீர்க் குட்டை அது. எனக்கு அப்போது பத்து வயது. குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, தோல் சீவிக் கழுவி, அரைத்து, பாலை வடித்து, மாவைப் படியவிட்டபின் மிஞ்சுகிற தண்ணீரெல்லாம் அங்கேதான் வந்து சேரும். ஓரத்தில் வெள்ளை ஆடை, நடுவில் கறுப்பு. அந்தக் கறுப்பில் ஓயாமல் குமிழி கிளம்பும். "குட்டை மூச்சு விடுது, கிட்டப் போகாத" என்பாள் அம்மாயி. நாங்கள் போவோம். அகத்திக் கம்பால் அடிச்சேற்றைக் கிண்டினால் குமிழி கொத்துக் கொத்தாக வரும். பெரிய பையன் ஒருவன் தீக்குச்சியைக் கிழித்து நீட்டினான். குப்பென்று ஒரு நீலம், கண் சிமிட்டுவதற்குள் இல்லை. கொள்ளிவாய்ப் பிசாசு என்று ஓடி வந்தோம். அம்மாயி என்னைக் கிணற்றடியில் நிறுத்தி நாலு வாளி ஊற்றிய பிறகுதான் வீட்டுக்குள் விட்டாள்.

மின்னழுத்தத்தை அளக்கிற வோல்ட்டுக்குப் பெயர் கொடுத்த வோல்ட்டாவும் இதையேதான் செய்தார் என்று வெகுகாலம் கழித்துத் தெரிந்துகொண்டேன். 1776-இல் இத்தாலியில் மஜ்ஜோரே ஏரிக்கரைச் சேற்றைக் கோலால் கிண்டி, வந்த குமிழியைப் புட்டியில் பிடித்துக் கொளுத்திப் பார்த்தார். மீத்தேன் உலகத்துக்குத் தெரியவந்தது அப்படித்தான். ஐடிஐயில் தினமும் வோல்ட், வோல்ட் என்று எழுதிக்கொண்டிருந்தேன். இந்தக் கதையை மட்டும் அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், ஊர்க்குட்டையை வேறு கண்ணால் பார்த்திருப்பேன்.

வேலை என்றால் ஊரைவிட்டுப் போவதுதான் அப்போது. 1996-இல் ஆரல்வாய்மொழிக்குப் போனேன். முப்பந்தல் கணவாயில் வைகாசி பிறந்தால் காற்று ஆளைத் தள்ளும். நூறு சதவீதத் தேய்மான வரிச்சலுகை இருந்த காலம். கோயம்புத்தூர் நூல் மில்காரர்கள் வரிசையாகக் காற்றாலை நட்டார்கள். 225 கிலோவாட் மெஷின், 30 மீட்டர் கோபுரம். இடுப்பில் பெல்ட், தோளில் ஸ்பானர் பை, உள்ளே செங்குத்தாக ஏணி. காற்றுக் காலத்தில் மெஷின் நின்றால் நடுராத்திரியானாலும் ஏறியாக வேண்டும். கியர் ஆயில் வாடை இன்னும் நினைவில் இருக்கிறது. அதைப் பசுமை வேலை என்று அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை. காத்தாடிக்காரன் என்றார்கள், அவ்வளவுதான். பத்து வருஷம் ஏறி இறங்கினதில் முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. அப்பாவிடமிருந்து போன் வந்தது: "மில்லுல கேஸ் பிளான்ட் போடுறாங்க. கரண்டு தெரிஞ்ச ஆள் வேணுமாம். வந்துரு."

அப்பா மில்லில் தீப் பார்க்கிறவர். ஈர மாவைத் தூளியில் போட்டுக் குலுக்கினால் உருண்டு மணியாகும். அதைச் சூடான தட்டில் வறுக்க வேண்டும். சூடு கொஞ்சம் ஏறினால் மணி கருகும், குறைந்தால் வேகாமல் வெள்ளைப் பொடியாக நிற்கும். விறகை எப்போது தள்ளுவது, எப்போது இழுப்பது என்பது அப்பாவின் கைக்குத் தெரியும். முழங்கை வரை முடி கருகிப் போயிருக்கும். இந்தத் தொழிலே உலகப்போர்க் காலத்தில், 1943 வாக்கில், வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது சேலத்தில் பிறந்தது. அன்று முதல் எத்தனை மலைவிறகு எரிந்திருக்கும்! குட்டையிலிருந்து வருகிற கேஸில் அதே அடுப்பை எரிக்கலாம் என்று முதலாளி சொன்னபோது அப்பா நம்பவில்லை.

மூடின பெரிய தொட்டி கட்டி, கழிவுத் தண்ணீரைக் காற்றுப் படாமல் உள்ளே விட்டோம். முதலில் மாட்டுச் சாணம் டிராக்டர் டிராக்டராக வந்தது. மாட்டின் வயிற்றில் இருக்கிற நுண்ணுயிர்தான் இங்கேயும் வேலையாள். மாதக்கணக்கில் பழக்கி, தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். ஒருநாள் கேஸ் பலூன் உப்பியது. பர்னர் பற்றவைக்க அப்பாவைத்தான் கூப்பிட்டார்கள். குனிந்து வெகுநேரம் பார்த்தவர், "புகையில்லாத தீ" என்றார், மெதுவாக. பிறகு காற்றுத் திருகை அரைச் சுற்று திருப்பி, "இப்ப சரி" என்றார். ஓய்வு பெறும்வரை அந்தப் பர்னர் அவர் கையில்தான் இருந்தது. அவரோடு விறகு தள்ளிய இன்னொருவருக்கு இடம் இல்லை. அவர் செங்கல் சூளைக்குப் போனார். புது வேலை வரும்போது பழைய கைக்கு முதல் உரிமை கொடுக்க வேண்டும் என்று எனக்கு அன்று பட்டது. இன்றும் அதில் மாற்றமில்லை.

தொட்டிக்குள் இரண்டு கூட்டம் இருக்கிறது. ஒன்று மாவுச்சத்தைப் புளிக்கவைத்து அமிலமாக்கும், வேகமான கூட்டம். மற்றது அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் விடும், நிதானமான கூட்டம். முந்தினவர் ஓட்டத்துக்குப் பிந்தினவர் ஈடுகொடுக்கும்படி தீனி போடுவதுதான் ஆப்பரேட்டர் வேலையின் சாரம். ஒரு மாசி மாதம் கிழங்கு மலையாகக் குவிந்துவிட்டது. பிடுங்கி இரண்டு மூன்று நாளில் கெட்டுப்போகிற சரக்கு. இரவு பகலாக அரைத்தார்கள். ஷிப்ட் பார்த்தவர் என்னைக் கேட்காமல் தண்ணீர் மொத்தத்தையும் தொட்டிக்குள் திருப்பிவிட்டார். காலையில் கேட்டைத் தாண்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வழக்கமாக வருவது அழுகின முட்டை வாடை. அன்றைக்குக் காடிப் புளிப்பு. பிஹெச் ஏழிலிருந்து ஐந்தரைக்கு இறங்கியிருந்தது. பலூன் துவண்டு கிடந்தது. சுண்ணாம்பு கரைத்து ஊற்றி, தீனியை நிறுத்தி, புதுச் சாணம் விட்டு, தேற்றி எடுக்க ஒன்றரை மாதம் ஆனது. மீட்டர் சொல்வதற்கு முன்பே மூக்கு சொன்னது, சின்ன வயதில் குட்டைக்கரையில் பழகின மூக்கு.

ஒரு கனமீட்டர் கேஸ் ஏறத்தாழ இரண்டு யூனிட் மின்சாரம் தரும். அதிலுள்ள மீத்தேன் குட்டையிலிருந்து சும்மா மேலே போனால், இருபது வருஷக் கணக்கில், எடைக்கு எடை, கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ எண்பது மடங்கு பூமியைச் சூடேற்றும். கியோட்டோ ஒப்பந்தம் 2005-இல் அமலுக்கு வந்தபின் கார்பன் கிரெடிட் என்ற பேச்சு எங்கள் பக்கம்வரை எட்டியது. 2012 வாக்கில் அதன் விலை சரிந்தது. கிரெடிட்டை நம்பித் தொட்டி கட்டியவர்கள் சோர்ந்தார்கள். விறகுச் செலவும் கரண்டு பில்லும் குறைந்ததைப் பார்த்தவர்கள் விடவில்லை.

அம்மா அதே மில்லின் களத்தில் வேலை செய்தாள். சிமெண்டுக் களத்தில் ஜவ்வரிசியைப் பரப்பிக் காலால் கோடு இழுத்துக்கொண்டே நடப்பாள்; வெயில் ஏற ஏறத் திருப்பிவிட வேண்டும். பித்த வெடிப்பில் மாவு ஏறி வெள்ளையாகக் காய்ந்திருக்கும். ஒரு யூனிட் கரண்டு இல்லாமல், ஒரு கட்டை விறகு இல்லாமல், முழுக்க முழுக்கச் சூரியனில் டன் கணக்கில் காயவைத்தவள். அவளுக்கு எந்தச் சான்றிதழும் இல்லை, ஆண் கூலியும் இல்லை. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் பேப்பரில் படித்துக் காட்டினேன். காலைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

அக்கா மகனிடம் இதையெல்லாம் கோவையாகச் சொல்ல வரவில்லை. "சோலார் போடப் போறியா? சூர்யமித்ரா டிரெயினிங் இருக்கு, ஐடிஐ போதும்" என்றேன். ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தைப் பற்றியும் சொன்னேன். மாவுப்பூச்சி விழுந்து கிழங்குக் காடெல்லாம் குருத்துச் சுருண்டபோது, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து வளர்த்த குட்டிக் குளவியை 2022 மார்ச்சில் முதலில் பறக்கவிட்டது அங்கேதான். எறும்பைவிடச் சின்னது, மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டை வைத்து அதைத் தீர்க்கும். மருந்து டப்பாவுக்கு வேலையில்லை. அதை வளர்த்துக் காட்டுக்குக் கொண்டுபோகவும் படித்த பிள்ளைகள் வேண்டும்.

"நீங்க பாக்குற வேலையக் காட்டுங்க மாமா" என்றான்.

மறுநாள் விடியலில் கூட்டிப்போனேன். கேஸிலிருந்து கந்தகத்தைப் பிடிக்கிற டப்பாவைத் திறக்கும் முறை அன்று. லேத் பட்டறையில் வாங்கிய இரும்புச் சுருளை அதில் அடைத்திருப்போம். கறுத்துப்போனதும் மாற்ற வேண்டும். "கையில வாளித் தண்ணி இல்லாம இதத் தொறக்காத. காத்துப் பட்டாத் தானாச் சூடேறிப் புகையும்" என்று தெளித்துக் காட்டினேன். மேன்ஹோல் மூடியைக் காட்டி, "இதுக்குள்ள மட்டும் எந்தக் காரணத்துக்கும் தலைய விடாத. ஒருத்தன் உள்ள மயங்குனாலும் தூக்கறேன்னு எறங்காத" என்று இரண்டு தடவை சொன்னேன். தலையாட்டினான். பிஹெச் பார்த்து நோட்டில் எழுதச் சொன்னேன். 6.9 என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டான்.

ஒன்பது மணிக்கு அக்கா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினோம். அவன் படியில் கால் வைத்ததும் உள்ளேயிருந்து குரல் வந்தது: "அங்கயே நில்லு. சட்டையக் கழட்டித் தொட்டித் திண்டுல போடு. குளிச்சிட்டு உள்ள வா."