வேடிக்கை அபேட்சகர்

ஜெயிக்கவே மாட்டார் என்று ஊரெல்லாம் தீர்மானித்துவிட்ட அபேட்சகரிடம் எனக்கு எப்போதுமே ஒரு பிரியம் உண்டு. அதுவும் அவர் நாவலாசிரியராக இருந்துவிட்டால் கேட்க வேண்டுமா?

1969-ஆம் வருஷம் நியூயார்க் நகரத்து மேயர் பதவிக்கு நார்மன் மெய்லர் நின்றார். அந்த மே மாதந்தான் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்திருந்தது. மனுஷர் அந்தத் திருப்தியோடு வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். மாட்டேனென்று, ஜிம்மி பிரெஸ்லின் என்ற பத்திரிகைக்காரரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, டெமாக்ரடிக் கட்சியின் உள்தேர்தலில் குதித்துவிட்டார். நியூயார்க் நகரம் தனியே பிரிந்து அமெரிக்காவின் 51-வது ராஜ்யமாக வேண்டும் என்றார். மன்ஹாட்டனுக்குள் சொந்த மோட்டார் கார்களே கூடாது என்றார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி வாகனம் எதுவும் ஓடாமல் நகரம் நிம்மதியாக மூச்சுவிட வேண்டும் என்றார்.

இதையெல்லாம் படித்தபோது நான் சிரித்தேன். எங்கள் தொழில்காரர் என்று கொஞ்சம் பெருமையும் பட்டேன். மனைவியிடம் போய்ச் சொன்னேன்.

"எல்லாம் சரி, அவருக்கு எத்தனை ஓட்டு விழுந்தது?" என்று கேட்டாள்.

கணக்கைத் தேடிப் பார்த்தேன். ஐந்து பேரில் நாலாவது ஸ்தானம்; சுமார் 41,000 ஓட்டு. கௌரவமான தோல்விதான் என்று நினைத்துக்கொண்டே மற்றவர்களின் கணக்கையும் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. முதலில் வந்தவர் புரொக்காச்சினோ. மொத்த ஓட்டில் மூன்றில் ஒரு பங்குதான் அவருக்கு. அவருக்கும் மூன்றாவதாக வந்த ஹெர்மன் பதீயோவுக்கும் வித்தியாசம் சுமார் 38,000!

பதீயோ பியூர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். சின்ன வயசிலேயே தாய் தகப்பனை இழந்து, நியூயார்க்குக்கு வந்து, உழைத்துப் படித்து வக்கீலானவர். அந்த நகரத்து மேயர் நாற்காலியில் அவர் இனத்தார் யாரும் அதுவரை உட்கார்ந்ததில்லை. மெய்லர் வேடிக்கைக்கு வெளியாள். இவர் வாழ்க்கையிலேயே வெளியாள். மெய்லரின் ஓட்டு முழுவதும் இவருக்கு வந்திருக்கும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் அப்படி நினைத்து வருந்தியவர்கள் உண்டு.

மெய்லரை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. ஆளுக்கு ஒரே பெயர், யாருக்கு அதிகமோ அவரே ஜெயித்தவர் என்ற ஏற்பாட்டில் இப்படித்தான் ஆகும். 2021 முதல் அந்த நகரத்து மேயர் உள்தேர்தலில் ஐந்து பேர்வரை வரிசைப்படுத்திக் குறிக்கலாம். பிடித்தவர் கடைசியில் வந்து விலக்கப்பட்டால், அந்த ஓட்டு அடுத்த பெயருக்குப் போகும். 2025-ல் ஜோஹ்ரான் மம்தானியும் பிராட் லாண்டரும் எதிரெதிரே நின்றுகொண்டே, ஒருவருக்கு அடுத்தபடி மற்றவரைக் குறியுங்கள் என்று ஜனங்களைக் கேட்டுக்கொண்டார்கள். ஆரம்பத்தில் யாரும் பொருட்படுத்தாத மம்தானி, முன்னாள் கவர்னர் ஒருவரை முந்தி, நவம்பரில் மேயராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அதே வருஷம் ஜனவரியில், மன்ஹாட்டனின் தென்பகுதிக்குள் நுழையும் கார்களுக்குக் கட்டணமும் வந்துவிட்டது. மெய்லர் இருந்திருந்தால் தம் யோசனையில் கால்வாசியாவது பலித்ததென்று மார்தட்டியிருப்பார்.

இதையும் மனைவியிடம் சொன்னேன். "பதீயோவிடம் யார் சொல்வது?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.