சொல்லும் ஓர் அமானிதமே

மனித உள்ளத்தை ஆராயப் புகுவோர்க்கு வழிகள் இரண்டு உள. எத்தனை பேர், எவ்வளவு, எத்தனை முறை என எண்ணி அறிவது ஒன்று; அதனை அளவுசார் ஆய்வு என்பர். மக்களைப் பேசவிட்டு, அவர்தம் வாழ்வு அவர்களுக்கு எவ்வாறு தோன்றுகிறது என்பதை அவர்தம் சொல்லாலேயே அறிவது மற்றொன்று. அது பண்புசார் ஆய்வு. உளவியல் துறையில் பின்னது நெடுங்காலம் இரண்டாம் தரமாகவே எண்ணப்பட்டு வந்தது. நாலு பேரிடம் கதை கேட்பது ஆய்வாகுமா என்னும் ஏளனம் இன்னும் முற்றாக ஓயவில்லை. ஹதீஸ் கலையை ஓதியும் ஓதிக்கொடுத்தும் வரும் எனக்கோ இவ்வழி அயலாகத் தோன்றவில்லை.

ஓர் ஊரின் வரலாற்றைக் காண்போம். ஆஸ்திரிய நாட்டில், வியன்னா நகருக்கு அண்மையில், மரியந்தால் என்றொரு சிற்றூர். ஊர் முழுவதும் ஓர் ஆலையை நம்பி வாழ்ந்தது. உலகப் பொருளாதாரச் சரிவில் அவ்வாலை மூடப்படவே, ஊரும் முடங்கிற்று. 1931ஆம் ஆண்டின் இறுதியில் மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்டு, ஹான்ஸ் சைசல் முதலியோர் அடங்கிய குழு அவ்வூரை ஆராய முற்பட்டது. 478 குடும்பங்களைப் பற்றியும் அவர்கள் குறிப்பெடுத்தனர்.

எண்ணத் தக்கவற்றை அவர்கள் எண்ணாமல் விடவில்லை. நூலகக் கட்டணம் நீக்கப்பட்ட பின்னரும், இரவல் பெறப்பட்ட நூல்கள் 1929க்கும் 1931க்கும் இடையே ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. வேலையற்றவனுக்கு நேரம் மிகுதி அன்றோ? பின் வாசிப்புக் குறைந்தது ஏன்? எண் வினாவை எழுப்பிற்று. விடையை மக்களின் பேச்சும் எழுத்துமே தந்தன. ஒரு நாளின் ஒவ்வொரு மணியிலும் செய்ததை எழுதித் தருமாறு கேட்டபோது, ஆடவர் பலருக்கு எழுந்ததும் உண்டதும் உறங்கியதும் அன்றி எழுத வேறொன்றும் இல்லை. இடைப்பட்ட பொழுது எங்ஙனம் கழிந்தது என்பதை அவர்களாலேயே கூற இயலவில்லை. பெண்டிர்க்கோ வீட்டுவேலை இருந்தமையால் பொழுதுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. வேலையிழந்தவன் கூலியை மட்டுமன்றிக் காலத்தையும் இழக்கிறான் என்னும் உண்மை இவ்வாறு புலனாயிற்று. 1933இல் இவ்வாய்வு நூலாக வெளிவந்தது.

இன்றைய ஆய்வாளர், பேசுவோரின் இசைவு பெற்று நேர்காணலைப் பதிவு செய்கிறார். அதனைச் சொல் பிறழாது எழுதி, பன்முறை படித்து, பகுதி பகுதியாகக் குறியிட்டு, ஒத்தவற்றை ஒருங்கு சேர்த்துக் கருத்துகளைக் காண்கிறார். கோட்பாட்டை முன்னதாக வகுத்துக்கொண்டு செல்லாமல், கிடைத்த செய்திகளிலிருந்தே அதனை எழுப்ப வேண்டும் என்று கிளேசர், ஸ்ட்ராஸ் என்னும் சமூகவியலறிஞர் இருவர் 1967இல் எழுதிய நூல் இத்துறைக்குப் பெருந்துணையாயிற்று. புதிய செய்தி வாராத நிலை எய்தும்வரை கேட்க வேண்டும் என்பது அவர்தம் முறை. ஆகவே தலைகளின் எண்ணிக்கை இங்கே அளவுகோல் அன்று.

நம் முஹத்திஸ்களும் சொல்லைப் பேணியவர்களே. கேட்ட சொல்லையே அறிவிப்பதா, கருத்தை மட்டும் அறிவிக்கலாமா என்பது பற்றி அவர்கள் நுணுகி ஆராய்ந்தனர். சொல்லில் ஐயம் தோன்றின், 'அவ் கமா கால', அதாவது 'அல்லது அவர்கள் கூறியவாறு' என்று சேர்த்துரைப்பது அறிவிப்பாளர்களின் மரபு. இரு கலைகளும் ஒன்றென்பது என் கருத்தன்று. முஹத்திஸ் அறிவிப்பாளரின் வாய்மையையும் நினைவாற்றலையும் ஆராய்கிறார். பண்புசார் ஆய்வாளரோ தம்மையே ஆராய வேண்டியவர். தாம் யார், எந்த எண்ணத்தோடு கேட்கச் சென்றோம் என்பதையும் அவர் எழுதிவைக்கக் கடமைப்பட்டவர்.

என்னிடம் அரபு பயின்ற மாணவி ஒருத்தி இப்போது உளவியலில் முதுகலை பயில்கிறாள். கணவன்மார் வளைகுடா நாடுகளில் இருக்க, ஊரில் தனித்து வாழும் பெண்களிடம் நேர்காணல் செய்ய முற்பட்டவள், "பெயரை மாற்றி எழுதினால் போதும்தானே, ஹஜ்ரத்?" என்று கேட்டாள்.

"போதாதம்மா," என்றேன். "மூன்று பிள்ளைகள், மூத்தவன் நோயாளி, கணவர் தம்மாமில் என்று எழுதிவிட்டால், நம் தெருவில் அது எந்த வீடு என்று அறியாதார் உண்டா? அந்தப் பெண் மாமியாருக்கும் சொல்லாததை உன்னிடம் சொல்லியிருப்பாள். அடையாளம் காட்டும் செய்திகளை நீக்கு. நீ எழுதியதை அவளுக்கே படித்துக் காட்டு. அவள் வேண்டாம் என்றால் விட்டுவிடு."

ஒருவர் ஒன்றைக் கூறிவிட்டுச் சுற்றுமுற்றும் திரும்பிப் பார்ப்பாராயின் அப்பேச்சு அமானிதம் ஆகிவிடும் என்னும் கருத்தமைந்த நபிமொழி அபூதாவூதிலும் திர்மிதீயிலும் காணப்படுகிறது. மறைத்துவை என்று வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. அந்தப் பார்வையே போதும். ஒலிப்பதிவுக் கருவி சொல்லைப் பிடிக்கும், அப்பார்வையைப் பிடிக்காது. அதனைக் காண வேண்டியவர் எதிரே அமர்ந்திருப்பவரே.

மரியந்தாலுக்குச் சென்ற குழுவினர் தமக்கென ஒரு விதி வகுத்திருந்தனர். வெறும் பார்வையாளராக எவரும் அங்கே இருத்தல் கூடாது. ஊருக்குப் பயன்படும் ஏதேனும் ஒரு பணியை ஒவ்வொருவரும் செய்தல் வேண்டும். அதன்படி உடைகள் வழங்கினர். மருத்துவ உதவி அளித்தனர். தையல் வகுப்பு நடத்தினர். கொடாமல் கொள்வது அவர்களுக்கு உவப்பாயில்லை.

நம் பிள்ளைகள் இன்று இத்துறைகளில் பட்டம் பெற முன்வருவது மகிழ்ச்சிக்குரியது. பிறர் துயரைக் கேட்டுப் பட்டம் பெறுவோர், அத்துயரைப் பேணிக் காக்கும் பொறுப்பையும் உடன் பெறுகின்றனர். அப்பொறுப்பை வழுவாது நிறைவேற்றும் நற்பேற்றை அல்லாஹ் அவர்களுக்கு அருள்வானாக!