நாற்காலியில் அமர்த்திய அன்பு

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, வழக்கமாகப் பாடங்களையும் தேர்வுகளையும் பற்றி எழுதும் நான் இன்று என் தந்தையாரின் இதயத்தைப் பற்றி எழுதப் போகிறேன். இதில் நான் செய்த தவறு ஒன்றும் அடங்கியுள்ளது. அதனை மறைத்து எழுதினால் எவருக்கும் பயன் இராது.

என் தந்தையார் பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்குமேல் பால்மரம் வெட்டியவர். விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குச் செல்வார். நாள்தோறும் ஐந்நூறு மரங்களை வெட்டி முடித்து, மீண்டும் அதே வழியில் நடந்து பால் சேகரித்து வருவார். 2017ஆம் ஆண்டு, அறுபத்தெட்டாம் வயதில், அவருக்கு மாரடைப்பு வந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் இதயத் தசையின் ஒரு பகுதி செயலிழந்துவிட்டது.

எக்கோ பரிசோதனையில் ஓர் எண் சொன்னார்கள். இதயத்தின் இடது கீழறை ஒருமுறை சுருங்கும்போது, அதில் நிறைந்திருக்கும் இரத்தத்தில் எத்தனை விழுக்காடு வெளியேறுகிறது என்பதைக் காட்டும் எண் அது. நலமான இதயத்தில் பொதுவாக 55 முதல் 70 வரை இருக்கும். அப்பாவுக்கு 32.

அந்த எண் என்னை அச்சுறுத்தியது. வீடு திரும்பியதும் சட்டங்கள் பிறப்பித்தேன். செடிகளுக்கு நீர் ஊற்றக்கூடாது, கடைக்குப் போகக்கூடாது, குடிக்கத் தண்ணீர் வேண்டுமானாலும் எழக்கூடாது. "நீங்க உட்காருங்கப்பா, எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்" என்பதே வீட்டில் அன்றாடம் ஒலித்த வாசகம். அதனை அன்பு என்றே நம்பினேன். அப்பாவும் மறுத்துப் பேசவில்லை. வாசலை நோக்கிப் போட்ட நாற்காலியில் அமர்ந்து, சாலையில் போவோர் வருவோரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழு மாதங்களில், குளியலறைக்குச் சென்று திரும்பினாலே அவருக்கு மூச்சு வாங்கியது. இதயம் மேலும் கெட்டுவிட்டது என்றஞ்சி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். மீண்டும் எக்கோ எடுத்தார்கள். அதே 32. மருத்துவர் அப்பாவின் தொடையைத் தொட்டுக் காட்டினார். "இதயம் அப்படியேதான் இருக்கிறது. மெலிந்து போனது இதுதான்" என்றார். நான் தலைகுனிந்து நின்றேன்.

பின்னர் இதனைப் பற்றித் தேடிப் படித்தேன். ஒரு காலத்தில் மருத்துவர்களே மாரடைப்பு நோயாளிகளை வாரக்கணக்கில் படுக்க வைத்தார்கள். 1952இல் லெவின், லவுன் என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள், நோயாளிகளை விரைவிலேயே படுக்கையிலிருந்து எழுப்பி நாற்காலியில் அமர்த்தியது அன்று பெரும் துணிச்சலாகக் கருதப்பட்டது. 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், இருபது வயதுடைய ஐந்து நலமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடத்தி ஆராய்ந்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் மீண்டும் சோதித்தபோது, முப்பது ஆண்டு முதுமை குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அவர்களின் உடல் திறனை அதிகமாகக் குறைத்திருந்தது தெரியவந்தது. நலமான இளைஞருக்கே அந்நிலை என்றால், என் அப்பாவின் ஏழு மாதங்கள்?

மருத்துவர் அப்பாவை இதய மறுவாழ்வுப் பயிற்சிக்கு அனுப்பினார். முதல் நாள், நடைக்கூடத்தில் ஆறு நிமிடம் நடக்கச் சொன்னார்கள். இருமுறை நின்று, 190 மீட்டர் நடந்தார். வாரம் இருமுறை இரத்த அழுத்தமும் நாடியும் பார்த்த பிறகு, உடலைச் சூடேற்றும் அசைவுகள், நிலைமிதிவண்டி, நடைப்பொறி, இறுதியில் உடலைத் தணிக்கும் மெதுநடை. உடலியக்கச் சிகிச்சையாளரான மலாய்ப் பெண்மணி, "பெலான் பெலான், பாக்சிக்" என்று சொல்லிக்கொண்டே உடன் நடப்பார். பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அதுவே சரியான வேகம் என்று எனக்கும் கற்றுக்கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்து, அதே கூடத்தில், அதே ஆறு நிமிடத்தில், நிற்காமல் 310 மீட்டர். "தம்பி, இது அரை நிரைகூட ஆகாது" என்று அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஓராண்டுக்கும் மேலாகியிருந்தது.

எக்கோ எண் எவ்வளவு உயர்ந்தது என்று கேட்பீர்கள். 35. பெரிய மாற்றமில்லை. வேறெங்கே மாற்றம் நிகழ்ந்தது? பயிற்சி பெற்ற தசை, தன்னிடம் வரும் இரத்தத்திலிருந்து ஆக்சிஜனை நன்கு எடுத்துக்கொள்கிறது. இரத்தக் குழாய்கள் எளிதாக விரிந்து கொடுக்கின்றன. அதே வேலைக்கு நாடித்துடிப்பு குறைவாகவே ஏறுகிறது. பலவீனமான இதயத்தின் சுமையை உடலின் பிற உறுப்புகள் பகிர்ந்துகொள்கின்றன.

பயிற்சியை மந்திரமாகவும் எண்ணவேண்டாம். 2009இல் வெளியான பேராய்வொன்று, இதயச் செயலிழப்புள்ள 2,331 பேரை ஆராய்ந்தது. இறப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் சிறிதளவே குறைந்தன. ஆனால் பயிற்சி பாதுகாப்பானது என்பதும், நோயாளிகள் தங்கள் வாழ்வு மேம்பட்டதாக உணர்ந்தார்கள் என்பதும் உறுதியாயின. ஓய்வாக இருக்கும்போதே மூச்சு வாங்குபவர்களும், காலில் புதிதாக வீக்கம் கண்டவர்களும், சில நாள்களிலேயே எடை திடீரென ஏறியவர்களும் முதலில் மருத்துவரைத்தான் காணவேண்டும். நடக்கும்போது நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்தவேண்டும். எவராயினும் மருத்துவர் சொல்லாமல் தாமாகத் தொடங்குதல் கூடாது.

ஆசிரிய நண்பர்களே, அன்று மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது என் வகுப்பு நினைவுக்கு வந்தது. வாசிக்கத் திணறும் மாணவனை எழுப்பினால் வெட்கப்படுவானே என்று பல மாதம் அமர்த்தியே வைத்திருந்தேன். அதுவும் அன்பென்றே எண்ணினேன். மறுநாள் அவனை என் மேசையருகே அழைத்து, ஒரே ஒரு வரியை வாசிக்கச் சொன்னேன். நாள்தோறும் ஒரு வரி கூட்டினோம். பெலான் பெலான்.

அப்பா 2023இல் காலமானார். அதுவரை ஒவ்வொரு காலையும் தாமே கடைக்கு நடந்து சென்று நாளிதழ் வாங்கி வந்தார். செடிகளுக்குத் தாமே நீர் ஊற்றினார். அந்த ஆண்டுகளுக்காக மருத்துவருக்கும் அப்பெண்மணிக்கும் நன்றியுடையேன். நாற்காலியில் கழிந்த அந்த ஏழு மாதங்களுக்கு மட்டும் நானே பொறுப்பு. உங்கள் வீட்டிலும் அப்படியொரு நாற்காலி இருக்குமாயின், அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது, "அப்பா எவ்வளவு நடக்கலாம்?" என்று கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.