சாய்ந்து கிடக்கும் படங்கள்

வளைகுடாவில் இருக்கும் தந்தைக்கு, பிறந்த குழந்தையின் முகம் அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. நிக்காஹ் மஜ்லிஸின் படம், மாப்பிள்ளை மேடையை விட்டு இறங்குமுன்பே மலேசியாவில் உள்ள சித்தப்பாவின் கையில் இருக்கிறது. புகைப்படம் எடுப்பது கூடுமா, எந்த அளவுக்குக் கூடும் என்ற விவாதத்துள் நான் இங்கே நுழையப் போவதில்லை. அதற்கு உலமாப் பெருமக்கள் இருக்கிறார்கள். ஆனால் குடும்ப அட்டை, ஆதார் அட்டை, மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட் இவற்றையெல்லாம் கைபேசியில் படமெடுத்து அனுப்பாமல் இக்காலத்தில் ஒரு குடும்பத்தின் காரியம் நடப்பதில்லை. அவ்வாறு அனுப்பும் படங்கள் பல நேரங்களில் பக்கவாட்டில் சாய்ந்தோ தலைகீழாகவோ போய்ச் சேருகின்றன. பார்ப்பவர் கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது. இது சிறிய தொல்லைதான். ஆனால் எல்லா வேளையிலும் சிறியதாகவே நின்றுவிடுவதில்லை.

எங்கள் தெருவில் ஒரு தாய். கணவரை இழந்தவர். மகனுடைய கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தார். ‘ஆவணம் தெளிவாக இல்லை’ என்று விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. மகனோ, “உஸ்தாத், நான் நேராகத்தான் எடுத்தேன், பாருங்கள்” என்று கைபேசியைக் காட்டுகிறான். அதில் வருமானச் சான்றிதழ் கம்பீரமாக நிமிர்ந்து நிற்கிறது. விண்ணப்பத்தை ஏற்றிய கடையின் பழைய கணினியில் அதே படம் படுத்துக் கிடக்கிறது. தாய் மகனை ஏசுகிறார்; மகன் கடைக்காரரை ஏசுகிறான்; கடைக்காரர் கைபேசியை ஏசுகிறார். இவர்களில் எவர் மீதும் குற்றமில்லை என்பதை விளக்கிச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. அதையே இங்கும் சொல்கிறேன்.

கைபேசிக்குள் ஒளியை வாங்கும் சில்லு ஒன்று அசையாமல் பதிக்கப்பட்டிருக்கிறது. நாம் கைபேசியை நிமிர்த்திப் பிடித்தாலும் படுக்க வைத்துப் பிடித்தாலும், அச்சில்லு தான் பதிந்திருக்கும் வாக்கிலேயே காட்சியை வரிவரியாக எழுதிக்கொள்கிறது. எது மேல், எது கீழ் என்பது அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேறொரு சிறு கருவி உள்ளே இருக்கிறது. பூமியின் ஈர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அது உணர்ந்து சொல்லும். அந்தச் சேதியைக் கொண்டு கைபேசி, படத்தோடு ஓர் எண்ணைக் குறித்து வைக்கிறது. 1 என்றால் அப்படியே காட்டுக. 3 என்றால் தலைகீழாகத் திருப்பிக் காட்டுக. 6 என்றால் வலப்புறமாகக் கால் சுற்றும், 8 என்றால் இடப்புறமாகக் கால் சுற்றும் திருப்பிக் காட்டுக. கண்ணாடியில் தெரிவது போன்ற இடவல மாற்றத்துக்கென்று மற்ற நான்கு எண்கள். ஆக மொத்தம் எட்டு. படத்துடன் இத்தகைய குறிப்புகளைச் சேர்த்து வைக்கும் ‘எக்ஸிஃப்’ என்ற முறை 1995இல் ஜப்பானில் வகுக்கப்பட்டது.

ஆகவே நாம் நேரே பார்க்கும் படம் உண்மையில் நேராக இருப்பதாகச் சொல்ல முடியாது. படம் படுத்தேதான் கிடக்கிறது. பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு, ‘என்னை நிமிர்த்திக் காட்டு’ என்கிறது. சீட்டைப் படிக்கத் தெரிந்த கருவி நிமிர்த்திக் காட்டுகிறது. படிக்காத கருவி கிடந்தபடியே காட்டுகிறது. விண்டோஸ் 7 கணினிகளில் இருந்த படம் பார்க்கும் மென்பொருள் அச்சீட்டைப் பொருட்படுத்தியதேயில்லை. இணையப் பக்கங்களைத் திறக்கும் குரோம் போன்றவைகூட எல்லாப் படங்களையும் சீட்டைப் பார்த்துக் காட்டத் தொடங்கியது 2020இல்தான். அந்தத் தாயின் வீட்டில் நடந்தது இதுவே.

ஆனால் படம் எடுத்த கைபேசியிலேயே கோணலாகத் தெரிகிறதே, அது எதனால் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் எடுத்ததைக் கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு காகிதமாகவோ புத்தகமாகவோ இருக்கும். பாயில் விரித்து வைத்து, மேலே நின்று, கைபேசியைத் தரைக்கு இணையாகப் பிடித்து எடுத்திருப்பார்கள். அவ்வேளையில் ஈர்ப்பு கைபேசியின் முதுகை ஊடுருவி நேரே கீழே இழுக்கிறது. தலைப்பக்கமும் இல்லை, கால்பக்கமும் இல்லை. உள்ளே இருக்கும் கருவி திகைத்துப்போய், அதற்கு முன் எந்த வாக்கில் இருந்ததோ அதையே எழுதி வைத்துவிடுகிறது. மனிதர்களை எடுக்கும்போது அரிதாகவும் ஆவணங்களை எடுக்கும்போது அடிக்கடியும் படம் சாய்வதன் இரகசியம் இதுதான்.

இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு. முதலில் கைபேசியைச் சுவருக்கு நேராக நிமிர்த்திப் பிடியுங்கள். திரையின் ஓரத்தில் இருக்கும் சிறு சின்னங்கள் பல கைபேசிகளில் நாம் திருப்பும் பக்கம் தாமும் திரும்பி நிற்கும். அவை நேராக நிற்கின்றன என்று கண்டபின், மெதுவாகக் காகிதத்தை நோக்கிக் கவிழ்த்து எடுங்கள். இரண்டு விநாடிப் பொறுமைதான். எங்கள் மதரஸாப் பிள்ளைகள் ஒரே நாளில் பழகிக்கொண்டார்கள்.

இதில் ஒரு வரலாற்றுச் செய்தியும் உண்டு. கல்லூரியில் வரலாறு படித்தவன் என்பதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து, சுமார் 1040இல் மறைந்த இப்னுல் ஹைதம், சூரிய கிரகணத்தின் ஒளியைச் சிறு துளை வழியே செலுத்தி ஆராய்ந்தவர். பிறை வடிவான சூரியன் எதிர்ப்புறத்தில் தலைமாறி விழுவதை அவர் எழுதி வைத்திருக்கிறார். இன்றைய கைபேசியின் வில்லை வழியாகவும் காட்சி உள்ளே தலைகீழாகத்தான் விழுகிறது. அதைக் கைபேசி தானே சரிசெய்துகொள்கிறது. நம்மிடம் மிஞ்சுவது இந்தக் கடைசிக் கால் சுற்று மட்டுமே.

ஏற்கெனவே சாய்ந்துவிட்ட படத்தை என்ன செய்வது? படத்தைத் திறந்து, திருத்துவதற்கான பென்சில் சின்னத்தையோ ‘எடிட்’ என்ற சொல்லையோ தொடுங்கள். வெட்டுவதற்கான ‘கிராப்’ பகுதிக்குள் சென்றால், வளைந்த அம்புக்குறியோடு ஒரு சதுரம் இருக்கும். அதை ஒருமுறை தொட்டால் படம் கால் சுற்றுத் திரும்பும். கூகுள் போட்டோஸிலும் ஐபோனிலும் அது இடப்புறமாகவே திரும்பும். வலப்புறம் வேண்டுமானால் மூன்று முறை தொட வேண்டும். பிறகு சேமிக்க வேண்டும். பலர் திருப்பிவிட்டுச் சேமிக்காமலே வெளியே வந்துவிட்டு, “மறுபடியும் சாய்ந்துவிட்டது” என்கிறார்கள். அனுப்புமுன் வேறொரு கருவியில் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. முக்கியமான விண்ணப்பமாக இருந்தால் அவசியம்.

ஒன்று செய்யவேண்டாம். படத்தைத் திரையில் நேராக வைத்து, அந்தத் திரையையே படம் பிடித்து அனுப்பும் பழக்கம் இளைஞர்களிடம் இருக்கிறது. திரைக்கு எவ்வளவு நுணுக்கம் உண்டோ அவ்வளவுதான் அதில் மிஞ்சும். சிறிய எழுத்துகள் மங்கிவிடும். ஆதார் எண்ணுக்கு அது போதலாம். அரபி எழுத்துக்குப் போதாது.

அரபி எழுத்து என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்ப் பக்கம் தலைகீழாக இருந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். அரபி பழகும் சிறு பிள்ளைக்கு அப்படித் தெரிவதில்லை. சொல்லின் நடுவே வரும் ‘பா’வுக்குக் கீழே ஒரு புள்ளி; ‘நூனு’க்கு மேலே ஒரு புள்ளி. பக்கம் தலைகீழானால் பா நூனாகிறது, நூன் பாவாகிறது. கீழே இரு புள்ளியுள்ள ‘யா’, மேலே இரு புள்ளியுள்ள ‘தா’வாகிறது. பாடத்தைப் படமெடுத்து அனுப்பும் தாய்மார்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். கைபேசியின் முன்பக்கக் காமிராவால் எடுத்தால் இன்னொரு விபரீதம்: சில கைபேசிகளில் கண்ணாடிப் பிம்பம் போல இடம் வலமாகப் பதிந்துவிடும். பலகையில் ‘பிஸ்மில்லாஹ்’ எழுதிப் பிடித்து நின்ற பிள்ளையின் படம் ஒன்று அவ்வாறே வந்தது. எழுத்து இடமிருந்து வலமாக ஓடியது. அதை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் நேராகாது. ‘ஃபிளிப்’ என்று தனியே ஒரு வசதி இருக்கிறது. அதையே பயன்படுத்த வேண்டும்.

இவ்வளவையும் நான் கூர்ந்து கவனிக்க நேர்ந்தது ஒரு நோட்டுப் புத்தகத்தால்தான். எங்கள் மதரஸாவில் ஓதும் மாணவி ஒருத்தியின் வீட்டுப் பரணில், அவளுடைய நன்னாவின் பாட்டி எழுதிய நோட்டு ஒன்று கிடைத்தது. முழுவதும் அரபுத் தமிழ். நம் முன்னோர், குறிப்பாகப் பெண்மக்கள், தமிழை அரபி எழுத்தில் எழுதிப் படித்த காலம் ஒன்று இருந்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) எழுதிய ‘மகானி’ அந்த எழுத்தில்தான் வீடுகளில் ஓதப்பட்டது. அரபி ஓதத் தெரிந்தவர்க்கெல்லாம் அது வந்துவிடுவதில்லை. தமிழ் ஒலிகளுக்கென்று புள்ளி கூட்டிய தனி எழுத்துகள் உண்டு. அச்சிட்ட நூலை நான் படித்துவிடுவேன். கையெழுத்தை, அதுவும் செல்லரித்த தாளில் இருந்ததைப் படிக்க, பக்கத்து ஊரில் எண்பதைக் கடந்த பெரியவர் ஒருவரைத் தேட வேண்டியிருந்தது. தொட்டால் உதிரும் நோட்டைப் பேருந்தில் கொண்டுபோக மனம் வரவில்லை. மாணவி பக்கம் பக்கமாகப் படமெடுத்தாள். நான் கைபேசியில் கொண்டுபோனேன்.

பெரியவர் ஆவலோடு வாங்கிப் பார்த்தார். அவர் கைபேசியைத் தன் வசதிக்குச் சற்றுச் சாய்த்தால், படமும் கூடவே திரும்பிக்கொள்கிறது. அவர் மறுபுறம் சாய்த்தார், அதுவும் சாய்ந்தது. “தம்பி, இது என்ன, நான் போகிற பக்கமெல்லாம் ஓடுகிறதே!” என்று சிரித்துவிட்டார். திரையின் மேல்விளிம்பிலிருந்து கீழே இழுத்தால் வரும் பட்டியலில் ‘ஆட்டோ ரொட்டேட்’ என்ற சின்னத்தை அணைத்துக் கொடுத்தேன். (ஐபோனில் அது பூட்டுச் சின்னமாக இருக்கும்.) அதன்பின் படம் அடங்கி நின்றது. காகிதத்தைத் திருப்புவதுபோல் கைபேசியைத் திருப்பித் திருப்பி வாசித்தார். மருந்துக் குறிப்புகள், தாலாட்டு, யார் யாருக்கு எவ்வளவு நெல் கொடுத்தது என்ற கணக்கு.

இருபதாவது பக்கமோ என்னவோ, கைபேசியைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பக்கத்தின் ஓரத்தில் குறுக்குவாட்டில் ஒரு வரி ஓடியிருக்கிறது. பழைய கையெழுத்து நூல்களில் ஓரக் குறிப்பை அப்படி எழுதுவது வழக்கம். பக்கம் நேராக இருந்தவரை அது எங்கள் கண்ணுக்கு வெறும் கீறலாகவே பட்டது. பக்கம் சாய்ந்த பிறகே வரி நிமிர்ந்தது. ஹிஜ்ரி 1331, ஷஃபான் பிறை 9. அதாவது 1913ஆம் ஆண்டு ஜூலை மாதம். ஒரு பெண் குழந்தை பிறந்ததும், நாற்பது நாள் முடியுமுன் அது மவுத்தானதும், அதற்கு இட்ட பெயரும் அந்த ஒற்றை வரியில் இருந்தன.

அந்தப் பாட்டிக்கு மூன்று ஆண் மக்கள் என்றுதான் அவ்வீட்டார் இத்தனை காலமும் சொல்லி வந்தார்கள். மாணவியின் நன்னாவிடம் சேதியைச் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை. பிறகு படத்தைக் காட்டச் சொன்னார். மாணவி அந்தப் பக்கத்தைக் கால் சுற்றுத் திருப்பித் தனிப் படமாகச் சேமித்து, நேரான படத்தையும் விடாமல் வைத்துக்கொண்டாள். அவர் அந்த வரியை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். அவருக்கு அரபுத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பேத்தி பெயரை மட்டும் எழுத்தெழுத்தாகக் காட்டிச் சொன்னாள். வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அந்தப் பெயரை இங்கே நான் எழுதவில்லை. அது அந்த வீட்டாருக்கு உரியது. அடுத்த வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டில் யாசீன் ஓதியபோது, மர்ஹூம்களின் பெயர்களோடு அதுவும் சேர்ந்திருந்தது.