கோப்பையும் நாற்காலியும்

தோற்றவன் பதவி இழப்பது உலகியல்பு. அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வென்றவனும் பதவி இழக்கும் துறை ஒன்று உண்டு என்றால், நாம் சற்று நின்று நோக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க நாட்டுப் பேஸ்பால் அணிகளின் மேலாளர் பணி அத்தகையது.

நாம் கிரிக்கெட்டோடு வளர்ந்தவர்கள். நம் பிள்ளைகள் சிலர் கடல் கடந்து அந்நாட்டிற்குச் சென்ற பிறகே பேஸ்பால் என்னும் சொல் நம் வீடுகளில் ஒலிக்கத் தொடங்கியது. ஆட்டத்தின் நுணுக்கங்களை விட, அதன் மேலாளர்களின் வரலாறுதான் நம் கருத்தைக் கவர்ந்தது. பணியில் சேர்ந்த நாள் தொட்டு ஓய்வு பெறும் நாள் வரை ஒரே துறையில் இருப்பதையே வாழ்வின் காப்பாகக் கொண்டவர்கள் நாம். நமக்கு அவ்வரலாறு வேற்றுலகக் கதை போலத் தோன்றுகிறது. ஊன்றிப் பார்த்தால் அது அத்துணை வேற்றுலகமும் அன்று.

கிரிக்கெட்டில் களத்து முடிவுகள் அணித்தலைவரைச் சாரும். பேஸ்பாலில் அவை மேலாளரைச் சாரும். அவர் பெரும்பாலும் தாம் ஆடுவதில்லை. ஆயினும் ஆட்டக்காரரைப் போலவே சீருடை அணிந்து ஆடுகளத்தின் ஓரத்தில் அமர்ந்திருப்பார். யார் எந்த வரிசையில் மட்டை பிடிப்பது, களைத்துப்போன பந்தெறிவாளரை எப்போது மாற்றுவது என்பனவெல்லாம் அவர் பொறுப்பு. ஓர் ஆண்டில் 162 ஆட்டங்கள். அவற்றையும் அடுத்த சுற்றுகளையும் கடந்து, வேர்ல்ட் சீரீஸ் எனப்படும் இறுதித் தொடரில் முதலில் நான்கு ஆட்டங்களை வெல்லும் அணிக்கே பட்டம். அதனை வென்றுதந்தவருக்கு நாற்காலி உறுதி என்றுதான் எவரும் எண்ணுவர்.

1926ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி முதன்முறையாக அப்பட்டத்தை வென்றது. அதன் மேலாளர் ரோஜர்ஸ் ஹார்ன்ஸ்பி; அவரே அவ்வணியின் சிறந்த மட்டையாளரும் ஆவார். மூன்றாண்டு ஒப்பந்தம் வேண்டும் என்று அவர் கேட்டார், உரிமையாளர் இசையவில்லை. இருவருக்கும் ஏற்கெனவே மனக்கசப்பு இருந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே ஹார்ன்ஸ்பி நியூயார்க் அணிக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டார். வெற்றி விழாவின் ஆரவாரம் அடங்கி முழுமையாக மூன்று திங்கள் ஆகவில்லை.

அதே அணியில் 1964ஆம் ஆண்டு நிகழ்ந்தது இதனினும் வியப்பானது. ஜானி கீன் என்பவர் அப்போது மேலாளர். சிற்றூர்களின் சிறிய அணிகளில் பல்லாண்டுகள் உழைத்து, படிப்படியாக மேலே வந்தவர். கோடைக்காலத்தில் அணி பின்தங்கியது. அவரைப் பணியமர்த்தியிருந்த பொது மேலாளர் ஆகஸ்டில் நீக்கப்பட்டார். அடுத்து நீக்கப்படுபவர் கீன்தான் என்றும், அவர் இடத்துக்கு வேறொருவரிடம் பேச்சு நடந்துவிட்டது என்றும் செய்தி பரவியது. கீன் அதைக் கேட்டுக்கொண்டே தம் வேலையைச் செய்தார். செப்டம்பர் இறுதியில் விலகல் கடிதம் எழுதி வைத்துக்கொண்டார், யாரிடமும் காட்டவில்லை. இதற்கிடையே முன்னணியில் இருந்த பிலடெல்பியா அணி தொடர்ந்து பத்து ஆட்டங்களில் தோற்றுச் சரிய, கார்டினல்ஸ் மேலேறியது. அக்டோபர் 15ஆம் நாள், புகழ்பெற்ற நியூயார்க் யாங்கீஸ் அணியை ஏழாவது ஆட்டத்தில் வீழ்த்திப் பட்டமும் பெற்றது.

மறுநாள் செய்தியாளர் கூட்டம். கீனுக்குப் புதிய ஒப்பந்தம் அறிவிக்க எண்ணி உரிமையாளர் வந்திருந்தார். கீன் தம் கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

அதே நாளில் நியூயார்க்கில் மற்றொன்று நடந்தது. தம் முதலாண்டிலேயே அணியை இறுதித் தொடர் வரை கொண்டுவந்த யோகி பெர்ராவை யாங்கீஸ் நிர்வாகம் நீக்கியது. வென்றவரும் தோற்றவரும் ஒரே நாளில் பதவியின்றி நின்றனர்! சில நாட்களில் பெர்ராவின் இடத்துக்குக் கீன் அழைக்கப்பட்டார். ஆனால் அவ்வணியின் பொற்காலம் முடிந்திருந்தது. 1966இல், முதல் இருபது ஆட்டங்களில் பதினாறு தோற்றபோது, கீனும் நீக்கப்பட்டார். அடுத்த ஆண்டு ஜனவரியில் தமது 55ஆம் வயதில் அவர் காலமானார். பட்டம் வென்று அப்போது மூன்றாண்டுகள்கூட நிறைவுறவில்லை.

இவை ஏதோ ஓரிரு உரிமையாளரின் மனக்கோணல் என்று தள்ளிவிட முடியாது. யாங்கீஸ் அணிக்குப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏழு பட்டங்கள் ஈட்டித்தந்த கேசி ஸ்டெங்கல், 1960இல் இறுதித் தொடரில் தோற்றவுடன், எழுபது வயதாகிவிட்டது என்று அனுப்பப்பட்டார். ஓக்லண்ட் அணிக்கு 1972, 1973 என அடுத்தடுத்து இரு பட்டங்கள் வென்ற டிக் வில்லியம்ஸ், உரிமையாளரின் ஓயாத தலையீட்டைப் பொறாமல் தாமே வெளியேறினார். தொடரின் நடுவே பிழை செய்த ஆட்டக்காரர் ஒருவரைத் தோளில் காயம் என்று எழுதிக் கையொப்பமிடச் செய்து நீக்க முயன்றவர் அந்த உரிமையாளர். யாங்கீஸ் அணியில் 1977இல் பட்டம் வென்ற பில்லி மார்ட்டின் அடுத்த கோடையிலேயே விலக நேர்ந்தது. அவருக்குப் பின் வந்து 1978இல் பட்டம் வென்ற பாப் லெமன் 1979 ஜூனில் அகற்றப்பட்டார். அவர் இடத்தில் அமர்த்தப்பட்டவர் அதே மார்ட்டின்!

அண்மைக் காலமும் மாறிவிடவில்லை. 86 ஆண்டுகள் பட்டமின்றித் தவித்த பாஸ்டன் நகருக்கு 2004இல் அதனைக் கொணர்ந்த டெரி பிரான்கோனா, 2007இல் மீண்டும் வென்றும், 2011இல் ஒரு மாதச் சரிவுக்குப் பின் விடைபெற்றார். 108 ஆண்டுக் காத்திருப்பை 2016இல் முடித்துவைத்த சிகாகோவின் ஜோ மேடன் 2019இல் வெளியேறினார். 2019இல் வாஷிங்டனுக்குப் பட்டம் வென்ற டேவ் மார்ட்டினெஸ் 2025 ஜூலையில் நீக்கப்பட்டார். 2023இல் டெக்சாஸ் அணிக்கு முதல் பட்டம் தந்த புரூஸ் போச்சி 2025 பருவம் முடிந்ததும் பிரிந்தார்.

காரணம் யாது? ஒன்று, எளிமை. ஆட்டக்காரர் அனைவரையும் மாற்றுவதினும் ஒரு மேலாளரை மாற்றுவது எளிது, செலவும் குறைவு. மற்றொன்று, வெற்றியே வெற்றிக்குப் பகையாகிவிடுகிறது. பட்டம் வென்ற மறுநாளே அளவுகோல் உயர்ந்துவிடுகிறது. முன்பு நான்காம் இடம் போதும் என்றிருந்தவர்களுக்கு, பிறகு இரண்டாம் இடமும் தோல்வியாகிறது. அத்துடன் சிறந்த ஆட்டக்காரர்கள் பிற அணிகளுக்குப் போய்விடுகின்றனர். 1997இல் பட்டம் வென்ற புளோரிடா அணி செலவைக் குறைப்பதற்காகத் தன் ஆட்டக்காரரை விற்றுக் கலைத்தது. 1998இல் 108 ஆட்டங்களில் தோற்றது. அதன் மேலாளர் ஜிம் லேலண்ட் அத்துடன் விலகினார்.

அசையாமல் அமர்ந்தவர்களும் உளர். பிலடெல்பியாவின் கானி மேக் 1901 முதல் 1950 வரை ஐம்பது பருவங்கள் மேலாளராயிருந்தார். ஐந்து முறை பட்டம் வென்றார். பலமுறை கடைசி இடத்திலும் நின்றார். அவரை யாரும் நீக்கவில்லை. அணியின் உரிமையில் அவருக்கே பங்கிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

நம் நெஞ்சில் நிலைத்தவர் வேறொருவர். டாட்ஜர்ஸ் அணியின் வால்டர் ஆல்ஸ்டன் 1954 முதல் 1976 வரை மேலாளராய் இருந்து நான்கு பட்டங்கள் வென்றவர். அவர் பெற்றவை இருபத்துமூன்று ஒப்பந்தங்கள், ஒவ்வொன்றும் ஓராண்டுக்கானது. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் வேலை முடிந்துவிட்டது என்பதே சட்டநிலை. நம் பணிப்பதிவேட்டில் ‘நிரந்தரம்’ என்னும் ஒரு சொல் ஏறியபோது நமக்குக் கிட்டிய நிம்மதியை, அவர் ஓர் இரவுகூட எழுத்தில் பெற்றதில்லை.

ஆளை ஆராய்ந்து தெளிவதற்கு ஓர் அதிகாரமும், தெளிந்தவனிடம் வினையை ஒப்படைப்பதற்கு அடுத்த அதிகாரமும் வகுத்தார் வள்ளுவர். முதலாளிகள் முன்னதைக் கற்ற அளவு பின்னதைக் கற்கவில்லை என்றே தோன்றுகிறது. ஆனால் முதலாளிகளுக்கு அறிவுரை கூறும் இடத்தில் நாம் இல்லை. நாம் எண்ண வேண்டியது நம் பிள்ளைகளைப் பற்றி.

நம் தந்தையர் விந்தியம் தாண்டி வந்தது எதற்காக? எவரும் பறிக்கவியலாத ஒரு நாற்காலிக்காக. அந்த நாற்காலியே நமக்குப் படிப்பும், வீடும், இச்சங்கமும் தந்தது. அதனை நாம் குறைத்துப் பேசுவதற்கில்லை. நம் பிள்ளைகளோ பெங்களூரிலும் குருகிராமிலும் கடல் கடந்தும் ஒப்பந்தப் பணிகளில் இருக்கிறார்கள். “நன்றாக வேலை செய், உன்னை யார் போகச் சொல்வார்கள்?” என்பது நம் வீடுகளில் வழிவழியாக வரும் வாக்கு. ஹார்ன்ஸ்பி முதல் போச்சி வரை உள்ள வரிசையை நோக்கினால், அவ்வாக்கு அவர்கள் உலகுக்குப் போதாது என்பது விளங்கும். நன்றாக வேலை செய்தவரையும் போகச் சொல்வார்கள். அப்படிச் சொல்லப்பட்டு ஒரு மாலைப்பொழுதில் வீடு திரும்பும் பிள்ளையை, “என்ன தவறு செய்தாய்?” என்று நாம் கேட்டுவிடக் கூடாது.

1964ஆம் ஆண்டின் பட்டத்துக்கு நேரே இன்றும் ஜானி கீனின் பெயரே நிற்கிறது. நாற்காலி கொடுத்தவருக்கு அதைத் திரும்பப் பெறும் உரிமை உண்டு. செய்த வேலையைத் திரும்பப் பெறும் உரிமை எவருக்கும் இல்லை. இதனை நம் பிள்ளைகளிடம், அவர்களுக்கு வேலை இருக்கும்போதே, நாம் சொல்லிவைத்தல் நலம்.